நாம் யாரை எடுத்தோம்

நவோட்டாஸில் மூன்றாம் நாள் மழை.
கடல் ஏறி வந்து தொழிற்சாலை வாசலில்
கணுக்கால் உயரத்துக்கு நிற்கிறது,
வேலை கேட்டு வந்தவன் மாதிரி.

சாப்பாட்டு இடைவேளை, முப்பது நிமிடம்.
மத்தி வாடை போகாத விரல்களால்
சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே
லக்சமானாவை விற்றுவிட்டார்கள் என்றான் ரொடேலியோ.

ஆறடி எட்டங்குலம். ஒன்பது சீசன்.
எங்கள் டப்பாவில் ஒட்டும் அதே சிவப்பு மீன்தான்
அவன் ஜெர்சியிலும்.
அவனைக் கொடுத்து வாங்கியது
செபுக்காரன் ஒருவனை, மூன்று பாயின்ட் போடுகிறவன்,
தோள்பட்டை சந்தேகம்.
கூடவே அடுத்த வருடத் தேர்வில் இரண்டாம் சுற்று இடம் ஒன்று.
பிறக்காத கன்றுக்குக் கயிறு திரிக்கிறார்கள்
என்றாள் யூஃபேமியா.

முட்டி போய்விட்டது அவனுக்கு, என்றேன்.
எடைப் பிரிவு என்னுடையது.
கிராம் குறைந்த டப்பாவை
வரிசையிலிருந்து தள்ளிவிடுவது வேலை.
பதினொரு வருடம் அதையே செய்த கண்
எதைப் பார்த்தாலும் குறையைத்தான் முதலில் பார்க்கும்.
"ரீபவுண்டுக்கு எழும்பும்போது பார்க்காதீர்கள்,
இறங்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.
முப்பத்து நாலு வயது.
அணியின் சம்பளத்தில் கால்வாசி அவனுக்கே போகிறது.
இப்போது விற்காவிட்டால்
நாளைக்குச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளிருக்காது."
எல்லோரும் தலையாட்டினார்கள்.
எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது.

முதல் சுற்றில் நாலாவது ஆளாக எடுத்தது
ஜோன்ரெல் அபுயோக். லெய்டே தீவுப் பையன்.
ஐந்தடி ஒன்பது.
கிரிசாந்தோ சோற்றைத் துப்பாத குறை:
"பனைமரம் போன இடத்தில் மிளகாய்ச் செடியா?
இருக்கிற மூன்று கார்டுகளும் பந்தை விடமாட்டான்கள்.
நாலாவது எதற்கு?
ஆளுக்கொரு பந்து வாங்கித் தரப் போகிறார்களா?"
யூஃபேமியா மட்டும் பையன் பக்கம்.
கல்லூரி இறுதி ஆட்டத்தில்
தான் பார்க்காத பக்கம் அவன் எறிந்த ஒரு பாஸ்
அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லையாம்,
காற்றிலேயே இருக்கிறதாம்.

பத்துக்கு மார்க் போட்டோம்.
ரொடேலியோ மூன்று.
கிரிசாந்தோ இரண்டரை; அந்த அரை பரிதாபத்துக்கு.
யூஃபேமியா எட்டு.
நான் ஆறரை போட்டு, கொஞ்சம் யோசித்து, ஏழாக்கினேன்.

தண்ணீர்க் குழாய்க்கு மேலே
காலையில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் சுருண்டிருந்தது:
இரண்டாம் ஷிஃப்ட் இயந்திரங்கள் சம்போவாங்கா போகின்றன.
ஆட்கள் பட்டியல் வெள்ளிக்கிழமை.
அதற்கு யாரும் மார்க் போடவில்லை.

அப்போதுதான் ஒரு ட்ரைசைக்கிள்
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது.
முதலில் ஒரு கால் இறங்கியது.
வெகுநேரம் கழித்து மீதி லக்சமானா.
ஒப்பந்தப்படி மாதம் இரண்டு பெட்டி மத்தி அவனுக்கு.
கடைசி மாதப் பங்கு.
காவலாளி நீட்டிய பேரேட்டில்
தன் பெயருக்கு எதிரே கையெழுத்திட்டான்.
வலது காலை மடக்காமலே குனிந்தான்.
நான் சொன்னது சரிதான்.
கிரிசாந்தோ எழுந்துபோய் பெட்டிகளைத் தூக்கி வைத்தான்.

ஏறுவதற்கு முன் எங்களைப் பார்த்துக் கேட்டான்:
"கடைசியில் நாம் யாரை எடுத்தோம்? அந்த லெய்டே பையனையா?"

பெயின்ட் கம்பெனி அணிக்குப் போய் ஆறு நாள்.
நீங்கள் என்று கேட்டிருக்கலாம்.
நாம் என்றான்.

யூஃபேமியா ஆமாம் என்றாள்.
"நல்லது. நினைக்காத நேரத்தில் பந்து வரும்.
கையைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."
யாரிடம் சொல்வதென்று நாங்கள் கேட்கவில்லை.
அவன் தலை இடிக்காமல் உள்ளே மடங்குவதற்குள்
சைரன் ஊதிவிட்டது.

கையுறையை மாட்டினேன்.
முதல் டப்பா மூன்று கிராம் குறைவு.
தள்ளினேன்.
இரண்டாவதும்.